தொகுதி எல்லை மாற்றமும் 2018 நாடாளுமன்ற எதிர்ப்பும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் எல்பில், ஹீவூட் தோட்டங்களின் பக்கமும் வாக்காளர் பட்டியலில் பெயர் பார்த்துக் கொடுக்கும் வேலையைச் சில பேர் செய்து வருகிறோம். பெயர் பார்க்க வருகிறவர்கள் அதோடு நிற்பதில்லை. 2018-ல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் அவ்வளவு எதிர்த்தும் தொகுதி எல்லை மாறியது எப்படி, அடுத்த முறை நம் தோட்டம் எந்தப் பக்கம் போகும் என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிலாக எழுதியிருக்கிறேன்.

தொகுதி எல்லை மறுசீரமைப்புன்னா என்ன அண்ணே? புதுசா தேர்தல் வருதா?

தேர்தல் வேறு, இது வேறு. எந்தத் தோட்டம், எந்தத் தாமான் (வீடமைப்புப் பகுதி), எந்தக் கம்பம் (கிராமம்) எந்தத் தொகுதிக்குள் வரும் என்று மறுபடி கோடு போடுவதுதான் மறுசீரமைப்பு. மக்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இது அவ்வப்போது தேவைப்படும் வேலைதான். செய்யக்கூடாத வேலை என்று யாரும் சொல்லவில்லை. யாருக்குச் சாதகமாகக் கோடு போடப்படுகிறது என்பதில்தான் சண்டை.

கூட்டரசு அரசியலமைப்பின் 113-வது பிரிவும் 13-வது அட்டவணையும் இதற்கான விதிகளைச் சொல்கின்றன. ஒரு மறுசீரமைப்பு முடிந்து குறைந்தது 8 ஆண்டு ஆன பிறகுதான் அடுத்ததைத் தொடங்கலாம். தொடங்கினால் 2 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் கடைசியாக முடிந்தது 2018 மார்ச்சில். எட்டு ஆண்டைக் கூட்டினால் 2026 மார்ச். நம் ஊரில் இந்தப் பேச்சு சூடு பிடித்ததற்குக் காரணம் அந்தக் கணக்குதான்.

கோடு போடறது யாரு? பிரதமரா, எஸ்.பி.ஆரா?

வரைபடம் தயாரிப்பது தேர்தல் ஆணையம், அதாவது எஸ்.பி.ஆர். அது தன் பரிந்துரையை அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்து, ஒரு மாதம் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் வருகிற ஆட்சேபங்களுக்கு உள்ளூர் விசாரணை நடக்கும். வரைபடத்தைத் திருத்தினால் மறுபடி பார்வைக்கு வைப்பார்கள். பிறகு அறிக்கை பிரதமரிடம் போகும். பிரதமர் அதை மக்களவையில் வைப்பார். மக்களவை ஏற்றுக்கொண்டால் மாமன்னரின் ஆணையாக அது சட்டமாகும். அடுத்த நாடாளுமன்றக் கலைப்புக்குப் பின் வரும் தேர்தலிலிருந்து புதிய எல்லை நடைமுறைக்கு வரும்.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய முறை முதலில் வருகிறது, எம்.பி.க்களின் முறை கடைசியில்தான் வருகிறது. நம் ஊரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2018-ல நாடாளுமன்றத்துல உண்மையில என்ன நடந்துச்சு?

2018 மார்ச் 28-ஆம் தேதி அன்றைய பிரதமர் நஜிப் துன் ரசாக் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையை மக்களவையில் தாக்கல் செய்தார். விவாதமும் வாக்கெடுப்பும் அன்றைக்கே முடிந்தன. ஆதரவாக 129, எதிராக 80. மறுநாள் மார்ச் 29-ல் அரசிதழில் வந்துவிட்டது. ஏப்ரல் 7-ல் நாடாளுமன்றம் கலைந்தது. மே 9-ல் 14-வது பொதுத் தேர்தல். தீபகற்பத்தின் 165 நாடாளுமன்றத் தொகுதிகளைத் தொடும் ஒரு அறிக்கைக்கு அவையில் கிடைத்த நேரம் ஒரு நாள்.

எதிர்க்கட்சி எம்.பி.க்கள் அவையில் பதாகை ஏந்தினார்கள், குரல் எழுப்பினார்கள். தூய்மையான தேர்தல் கோரிப் போராடும் பெர்சே அமைப்பு அன்று வெளியில் கண்டன ஊர்வலம் நடத்தியது. நம் ஊரின் அப்போதைய எம்.பி. டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்.

அரசாங்கத் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். தேர்தல் ஆணையம் சுயேச்சையான அமைப்பு, அரசியலமைப்பில் உள்ள நடைமுறைதான் பின்பற்றப்பட்டது, தீபகற்பத்தில் ஒரு நாடாளுமன்ற இடம்கூடக் கூட்டப்படவில்லை, எந்தக் கட்சிக்கும் சாதகமாக இது செய்யப்படவில்லை என்பது அவர்கள் நிலை. நடைமுறையின் படிகள் ஒவ்வொன்றும் நடந்தது உண்மைதான். ஆனால் படிகள் நடந்தால் மட்டும் முடிவு நியாயமாகிவிடாது. தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரே நாளில் முடித்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மூணுல ரெண்டு பங்கு வேணும்னு சொல்வாங்களே? 129 எப்படிப் போதும்?

இரண்டு வேறு கணக்குகள் இங்கே கலந்துவிடுகின்றன. இடங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 46-வது பிரிவையே திருத்த வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 222-ல் 148 பேர் தேவை. எல்லையை மட்டும் மாற்ற மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாத வாக்கு போதும். 111 இருந்தால் நிறைவேறிவிடும்.

அன்றைய தேசிய முன்னணி அரசிடம் 148 இல்லை. அதனால்தான் இடங்களின் எண்ணிக்கை அப்படியே நின்று, கோடுகள் மட்டும் நகர்ந்தன. ஆளும் கூட்டணி பிளவுபடாத வரை 80 பேர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் முடிவு மாறியிருக்காது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே எதிர்த்து வாக்களித்தார்கள், தங்கள் வாதங்களை அவைக் குறிப்பில் பதிய வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்றைக்கும் எடுத்துப் படிக்கக் கிடைக்கின்றன. படிப்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

எதிர்க்கட்சி அப்படி என்னத்த எதிர்த்துச்சு? தோத்துடுவோம்ங்கிற பயம்தானே?

கட்சி லாபம் பார்க்காத எதிர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். எல்லாக் கட்சியும் தன் இடத்தைப் பார்க்கும். ஆனாலும் அவர்கள் வைத்த வாதங்களுக்குப் பின்னால் எண்கள் இருந்தன.

முதல் வாதம், வாக்காளர் எண்ணிக்கையில் உள்ள ஏற்றத்தாழ்வு. 2013 தேர்தலில் சிலாங்கூரின் காப்பார் தொகுதியில் 1 லட்சத்து 44 ஆயிரம் வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டுக்கும் ஒரு எம்.பி.தான். காப்பாரில் நம் தோட்டத்து மக்கள் எவ்வளவு பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் ஒன்பது பேரின் ஓட்டு புத்ராஜெயாவில் ஒருவரின் ஓட்டுக்குச் சமமாக இருந்தது. 2018 மறுசீரமைப்பு இதைச் சரி செய்திருக்க வேண்டும். காப்பாரிலிருந்து சில பகுதிகளை எடுத்தது உண்மை. ஆனால் பெட்டாலிங் ஜெயா உத்தாரா என்ற தொகுதி டாமான்சாரா என்று பெயர் மாறி, 85 ஆயிரம் அளவில் இருந்தது ஒன்றரை லட்சமாக வீங்கியது. அதே சிலாங்கூரில் சபாக் பெர்ணம் 40 ஆயிரம் அளவிலேயே நின்றது.

இரண்டாவது வாதம், ஆட்களைப் பொறுக்கி ஒரே இடத்தில் குவிப்பது. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடும் பகுதிகளை ஏற்கெனவே எதிர்க்கட்சி ஜெயிக்கும் தொகுதிக்குள் தள்ளிவிட்டால், பக்கத்துத் தொகுதி ஆளுங்கட்சிக்குச் சுலபமாகிவிடும். குவித்த இடத்தில் எதிர்க்கட்சி எழுபதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் கிடைப்பது ஒரே ஒரு இடம்தான்.

இதன் விளைவு 2013-லேயே தெரிந்தது. தேசிய முன்னணி 47.4 விழுக்காடு ஓட்டு வாங்கி 133 இடம் பிடித்தது. எதிரணியில் கூட்டாக நின்ற பக்காத்தான் கட்சிகள் 50.9 விழுக்காடு வாங்கி 89 இடத்தில் நின்றன. பாதிக்கு மேற்பட்டவர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டும் ஆட்சி மாறவில்லை. 80 பேர் எதிர்த்ததற்கு இந்த அனுபவம்தான் பின்னணி.

தோட்டப்புறத்து ஓட்டுக்கு மதிப்பு அதிகம்னு சட்டத்துலயே இருக்காமே? அப்ப நமக்கு நல்லதுதானே?

இதை ரொம்பப் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 13-வது அட்டவணை, ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும் என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது. கிராமப் பகுதிகளில் வாக்காளர்களைச் சென்றடைவது கடினம், அதனால் பரப்பளவுக்கு ஓரளவு சலுகை கொடுக்கலாம் என்பது அந்த விலக்கு. நோக்கம் நல்லதுதான். நம் சுங்கை சிப்புட்டையே பாருங்கள். லிந்தாங் தாண்டி மேலே கோலா மூ பக்கம் இருக்கும் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கம்பங்களுக்குப் போய் வருவது ஒரு நாள் பாடு. அவர்களைப் போன்றவர்களுக்காகத் தொகுதியில் ஆள் தொகை கொஞ்சம் குறைவாக இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் எவ்வளவு சலுகை என்பதற்கு இப்போது வரம்பே இல்லை. 1957-ல் மெர்டேக்காவின்போது (சுதந்திரத்தின்போது) எழுதிய அரசியலமைப்பில் வரம்பு இருந்தது. சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 1960-ல் தேர்தல் ஆணையம் அந்த விதியைப் பின்பற்றி ஒரு வரைபடம் போட்டது. ஆளும் கூட்டணிக்கு அது பிடிக்கவில்லை. 1962-ல் அரசியலமைப்பைத் திருத்தி அந்த வரைபடத்தைச் செல்லாததாக்கினார்கள். கிராமத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி அளவு வாக்காளர்கள் இருந்தாலே போதும் என்று ஆனது. எல்லையை முடிவு செய்யும் கடைசி அதிகாரமும் ஆணையத்திடமிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. 1973-ல் அந்தப் பாதி என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 2018-ல் நடந்தவற்றின் வேர் இந்த இரண்டு திருத்தங்களில்தான் இருக்கிறது.

இனி, நமக்கு நல்லதா என்ற கேள்வி. தோட்டத்தில் இருந்தவரை ஒருவேளை இருந்திருக்கலாம். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது நம் ஆட்கள் லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரத் தாமான்களுக்குப் போனார்கள். கிள்ளான், காப்பார், பூச்சோங், சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் என்று நெரிசலான தொகுதிகளில்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். சலுகையின் எடை இன்று அவர்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. இங்கே தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் தாத்தா பாட்டியின் ஓட்டைவிட, காப்பாரில் லாரி ஓட்டும் பேரனின் ஓட்டுக்கு மதிப்புக் குறைவு.

சுங்கை சிப்புட் இந்தியர் தொகுதிதானே? அதை யாரு தொடப்போறாங்க?

நாட்டில் எங்குமே இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி கிடையாது. சுங்கை சிப்புட்டும் அப்படித்தான். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் நின்ற தொகுதி, 1974 முதல் 2008 வரை அதே கட்சியின் சாமிவேலு இருந்த தொகுதி என்பதால் நமக்கு அப்படி ஓர் எண்ணம் வந்துவிட்டது. பட்டணத்திலும் புதுக்கிராமங்களிலும் சீனர்கள், கம்பங்களில் மலாய்க்காரர்கள், மேட்டில் ஓராங் அஸ்லி மக்கள், தோட்டங்களிலும் தாமான்களிலும் நாம். எல்லாரும் சேர்ந்ததுதான் இந்தத் தொகுதி.

2008-ல் டாக்டர் ஜெயக்குமார் 1,821 வாக்கு வித்தியாசத்தில் சாமிவேலுவை வென்றார். இரண்டு மூன்று வாக்களிப்பு மையங்களை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தினாலே மாறிவிடக்கூடிய எண்ணிக்கை அது. நாம் எங்கே போனாலும் சிறுபான்மைதான் என்பதால், எத்தனை தொகுதியில் நம் ஓட்டு முடிவைத் தீர்மானிக்கிறது என்பதுதான் நம் பலம். ஒரு கோட்டை நகர்த்தினால் மற்றவர்களுக்குச் சில வாக்குகள் போகும். நமக்கோ பேசும் பலமே போய்விடலாம்.

ஒரே தோட்டத்தை ரெண்டு தொகுதியா பிரிக்க முடியுமா?

முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் எல்லை மாற்றத்தால் வரும் சிரமங்களையும் உள்ளூர்ப் பிணைப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 13-வது அட்டவணை சொல்கிறது. ஆட்சேபம் எழுதுகிறவர்களுக்கு இதுதான் கையில் கிடைக்கும் வலுவான வாசகம். ஒரே கோயில், ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே சுடுகாடு, ஒரே பஸ் பாதை என்று இருக்கும் இரண்டு டிவிஷன்களைப் பிரித்தால், எந்தப் பிணைப்பு எப்படி அறுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்ட வேண்டும். எங்கள் தோட்டத்தைப் பிரிக்காதீர்கள் என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

எம்.பி.ங்க நினைச்சா ஒரு கோட்டையாவது மாத்த முடியாதா?

அவையில் முடியாது. முழு அறிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். பிரதமர் மட்டும் அறிக்கையைத் திருத்தங்களோடு தாக்கல் செய்யலாம். அவை நிராகரித்தால், ஆணையத்தோடு கலந்து பேசித் திருத்தி மறுபடி கொண்டுவரவும் சட்டம் அவருக்கு இடம் தருகிறது. ஆளுங்கட்சி எம்.பி. ஒருவருக்குத் தன் ஊரில் போட்ட கோடு பிடிக்காவிட்டாலும், அந்த ஒரு கோட்டுக்காக தீபகற்பம் முழுவதுக்குமான அறிக்கையை எதிர்த்து வாக்களிக்க வேண்டும். தன் கட்சியை மீறி யார் அதைச் செய்வார்கள்? மேலே சொன்ன 129-க்குள் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அவர்கள் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

மேலவைக்குப் போகாதா?

போகாது. மக்களவை ஏற்றாலே போதும்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?

போனார்கள். சிலாங்கூர் மாநில அரசாங்கமே 2016-ல் வழக்குத் தொடுத்தது. 2017 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மற்ற மாநிலங்களில் வாக்காளர்களும் நீதிமன்றம் ஏறினார்கள். ஆணையம் தருவது வெறும் பரிந்துரை, முடிவு எடுப்பது நாடாளுமன்றம், ஆகவே பரிந்துரையை நீதிமன்றம் ஆராய முடியாது என்ற வாதத்தில் வழக்குகள் நின்றுபோயின. வாக்காளர் பட்டியல் விஷயத்திலும் இதே கதைதான். பட்டியல் அரசிதழில் வெளியான பிறகு அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று 1958 தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்கிறது.

அதாவது நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கை காட்டுகிறது, நாடாளுமன்றம் ஆணையத்தின் அறிக்கையைக் கை காட்டுகிறது. நடுவில் சாதாரண வாக்காளருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அந்த ஒரு மாதப் பார்வைக் காலம்.

அந்தக் கதவு யாருக்கெல்லாம் திறக்கும்? தனி ஆளா நான் எழுதலாமா?

மூன்று தரப்பின் ஆட்சேபத்துக்குத்தான் உள்ளூர் விசாரணை கட்டாயம்: மாநில அரசாங்கம், சம்பந்தப்பட்ட ஊராட்சி மன்றம், அந்தத் தொகுதியில் பதிவு பெற்ற 100 அல்லது அதற்கு மேற்பட்ட வாக்காளர்கள் சேர்ந்த குழு. தனி ஆள் கடிதத்துக்கு அந்தப் பலம் இல்லை.

நம் பகுதிக்கு ஊராட்சி மன்றம் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். ஊராட்சித் தேர்தல் 1965-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. உறுப்பினர்களை மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது. மாநில அரசாங்கம் வாய் திறக்காத விஷயத்தில் நகராண்மைக் கழகம் தனியாக ஆட்சேபிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நமக்கு மிஞ்சுவது அந்த 100 பேர் மட்டுமே. கோயில் திருவிழாவுக்கு வசூல் போகும்போது ஒரு காலைக்குள் 100 வீடு ஏறிவிடுகிறோம். அதே ஆட்களால் இதையும் செய்ய முடியும்.

எங்க ஐசி-ல இன்னும் பழைய தோட்டத்து முகவரிதான் இருக்கு. லயத்தையே இடிச்சிட்டாங்க. எங்க ஓட்டு எங்க?

பட்டியலில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான். இந்த ஊரில் இது பெரிய சிக்கல். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனவர்கள் தானாகவே வாக்காளராகிறார்கள், அடையாள அட்டையில் உள்ள முகவரியை வைத்துத்தான் தொகுதி முடிவாகிறது. பிள்ளை ஈப்போவில் வேலை பார்ப்பான், ஐசி-யில் இருப்பது அப்பா குடியிருந்த தோட்டம். அவன் ஓட்டு அந்தத் தோட்டத்தின் பள்ளியில் இருக்கும்.

முதலில் தேசியப் பதிவுத் துறையில் ஐசி முகவரியை மாற்றுங்கள். அதோடு வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் வாக்களிக்கும் தொகுதியை மாற்ற எஸ்.பி.ஆரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 100 பேர் குழுவில் சேர, பெயர் சம்பந்தப்பட்ட தொகுதியின் நடப்புப் பட்டியலில் இருக்க வேண்டும். இங்கே குடியிருந்து, பட்டியலில் வேறு தொகுதியில் இருப்பவரின் கையெழுத்து எண்ணிக்கையில் சேராது.

2018-ல வரைபடத்தை மாத்தியும் ஆட்சி கவிழ்ந்துச்சே! அப்ப வரைபடம் ஒண்ணும் செய்யாதுதானே?

நியாயமான கேள்வி. 129 பேர் நிறைவேற்றிய அதே வரைபடத்தில் நடந்த தேர்தலில் தேசிய முன்னணி 79 இடத்துக்கு இறங்கியது, 60 ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஆட்சி போனது. ஓட்டு அலை பெரிதாக இருந்தால் எந்தக் கோடும் நிற்காது. ஆனால் அதற்கு எவ்வளவு பெரிய அலை தேவைப்பட்டது என்பதைப் பாருங்கள். 2013-ல் எதிர்க்கட்சிகள் பாதிக்கு மேல் வாங்கியும் போதவில்லை. 2018-ல் தேசிய முன்னணியின் ஓட்டு 34 விழுக்காடு அளவுக்குச் சரிந்த பிறகுதான் மாற்றம் வந்தது.

இன்னொன்று, ஆட்சி யாருடையது என்பதோடு இது முடிவதில்லை. குடியுரிமைப் பத்திரம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), பள்ளிக்கூட மான்யம் என்று எம்.பி. அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் மக்கள் நாம். ஒன்றரை லட்சம் வாக்காளருக்கும் ஒரு அலுவலகம், 40 ஆயிரம் வாக்காளருக்கும் ஒரு அலுவலகம் என்றால் எங்கே காத்திருப்பு நீளும்? எந்தக் கட்சி ஜெயித்தாலும் அந்த வரிசை குறையாது.

அன்னைக்கு எதிர்த்தவங்கதானே அப்புறம் ஆட்சிக்கு வந்தாங்க. ஏன் சரி பண்ணல?

ஒரு பகுதிக்குச் சட்டக் காரணம் உண்டு. முதல் பதிலில் சொன்ன 8 ஆண்டு இடைவெளி இருப்பதால் 2018 வரைபடத்தை உடனே கிழித்துப் போட வழியில்லை. சலுகைக்கு வரம்பு கொண்டுவர 13-வது அட்டவணையைத் திருத்த வேண்டும், அதற்கு 148 வேண்டும். 2018 மே முதல் 2020 பிப்ரவரி வரை ஆண்ட நம்பிக்கைக் கூட்டணியிடம் அது இல்லை.

ஆனால் எல்லாத் தரப்பும் சேர்ந்தால் முடியும் என்பதற்கு அதே காலத்திலும் அதற்குப் பிறகும் சாட்சி இருக்கிறது. 2019 ஜூலை 16-ல் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கும் திருத்தத்துக்கு 211 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 2022 ஜூலையில் கட்சித் தாவல் தடைத் திருத்தம் 209 வாக்கில் நிறைவேறியது. ஆகவே ஆள் பலம் இல்லை என்ற பதிலை நான் முழுதாக ஏற்கமாட்டேன். அந்த 80 பேரில் பலர் பிறகு அமைச்சர்களாகவும் ஆனார்கள். 15 விழுக்காடோ வேறு ஏதோ ஒரு எண்ணோ, எழுதப்பட்ட வரம்பு ஒன்று வேண்டும் என்று அன்று எதிர்க்கட்சியில் இருந்தவர்களிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. எதிர் வரிசையில் இருந்தபோது அநியாயமாகத் தெரிந்தது, ஆளும் வரிசைக்கு வந்ததும் மறந்துவிடக் கூடாது.

18 வயசு பிள்ளைங்களும் சேர்ந்துட்டாங்க. ஏற்றத்தாழ்வு குறைஞ்சிருக்குமே?

கூடிவிட்டது. 2018-ல் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 2022-ல் 2 கோடியே 11 லட்சம் ஆனார்கள். எல்லைக் கோடுகள் மட்டும் பழையபடி. 2022-ல் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3,03,430 வாக்காளர்கள், சரவாக்கின் ஈகானில் 28,290 பேர். இவை வெவ்வேறு மாநிலம், ஒப்பிடக் கூடாது என்று யாராவது சொன்னால், சிலாங்கூருக்குள்ளேயே சபாக் பெர்ணமில் ஏறத்தாழ 52 ஆயிரம் என்று சொல்லுங்கள். ஒரே மாநிலத்துக்குள் ஏறத்தாழ சமம் என்பது சட்டத்தின் வாசகம். ஆறு மடங்கை எப்படி ஏறத்தாழ சமம் என்று சொல்ல முடியும்?

எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க. நாம கையெழுத்து போட்டு என்ன ஆகப் போகுது?

2016 செப்டம்பரில் முதலில் காட்டிய வரைபடமும் 2018 மார்ச்சில் நிறைவேறிய வரைபடமும் ஒன்றல்ல. நடுவில் ஆட்சேபங்களும் விசாரணைகளும் நடந்து பல இடங்களில் மாற்றம் வந்தது. கேட்டவர்கள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கேட்காத இடத்தில் ஆணையம் தானாக இறங்கி வந்து திருத்துவதற்கு ஒரு காரணமும் இல்லை.

இன்னொரு பயனும் இருக்கிறது. விசாரணையில் நாம் சொன்னது பதிவாகும். அறிக்கை அவைக்கு வரும்போது நம் எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்தத் தொகுதியில் இத்தனை பேர் இன்ன காரணத்துக்காக ஆட்சேபித்தார்கள், ஆணையம் இன்ன பதில் சொன்னது என்று பேச அவர் கையில் ஏதாவது இருக்கும். ஊரிலிருந்து ஒன்றும் போகாவிட்டால் அவர் கட்சிப் பேச்சைத்தான் பேச வேண்டியிருக்கும்.

நான் ம.இ.கா. கிளைத் தலைவர். என் கட்சி எதிர்க்காத வரைபடத்தை நான் எதிர்க்கலாமா?

ஆட்சேபிப்பது வாக்காளராக உங்களுக்குள்ள உரிமை. படிவத்தில் கட்சி கேட்கமாட்டார்கள். ஒரே குழுவில் ம.இ.கா., ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி), மக்கள் நீதிக் கட்சி, எதிலும் இல்லாதவர் என்று எல்லாரும் இருந்தால் அதை ஒரு கட்சியின் வேலை என்று ஒதுக்கவும் முடியாது. பக்கத்து மலாய்க் கம்பத்திலும் புதுக்கிராமத்திலும் அதே கோடு யாரையாவது பாதித்திருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

தமிழ்ல எழுதிக் கொடுக்கலாமா? எங்களுக்கு மலாய்ல எழுத வராது.

ஆட்சேபத்தை மலாய் மொழியில் கொடுப்பதுதான் பாதுகாப்பு. மொழியைக் காரணம் காட்டித் தள்ளிவிட இடம் கொடுக்க வேண்டாம். என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலில் தமிழில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், இப்போது ஓட்டுப் போடும் பள்ளி, புதிய வரைபடத்தில் போக வேண்டிய பள்ளி, இரண்டுக்கும் தூரம், எந்தப் பிணைப்பு அறுகிறது, கோடு எங்கே இருந்தால் சரி என்ற மாற்று யோசனை. இவ்வளவும் இருந்தால் மலாயில் மாற்றித் தர நம் ஊரில் ஆசிரியர்களும் படிவம் ஆறு படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

விசாரணை நாளில் பேசப் போகிறவரை முன்பே முடிவு செய்து, வரைபடத்தின் பிரதியில் நம் தோட்டத்தைக் குறித்துக் கொடுத்தனுப்புங்கள். பெயர், ஐசி எண், கையெழுத்து மூன்றும் பட்டியலில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலது தள்ளுபடி ஆகலாம், அதனால் 100-ஓடு நிறுத்தாமல் 130, 140 பேராகச் சேர்ப்பது நல்லது.